கதவைத் திறந்துவிடுவது நம் செல்தான்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வைரஸ் பற்றியவை. பள்ளி மாணவி, மருந்துக் கடைக்காரர், வாழை போட்டிருக்கும் விவசாயி என்று பலதரப்பட்டவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துப் படித்தால் கேள்வி ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியாத, தானாக நகரக்கூட முடியாத அந்தத் துகள் நம் செல்லுக்குள் எப்படிப் போகிறது? ஒரே ஒரு கடிதத்துக்கு மட்டும் இதழ் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே பதில் அனுப்பிவிட்டேன். அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன், தயவுசெய்து அதையாவது படியுங்கள்.

கேள்வி: டீச்சர், எங்கள் பாடப் புத்தகத்தில் வைரஸ் ஆறு காலை ஊன்றி நின்று ஊசி போடுவது மாதிரி படம் இருக்கிறது. காய்ச்சல் வைரஸும் நம் செல் மேல் இப்படித்தான் உட்கார்ந்து ஊசி போடுமா?
(பதினொன்றாம் வகுப்பு மாணவி, கரூர்)

பதில்: போடாது. படம் சரியானதுதான், ஆனால் அதில் இருப்பது பாக்டீரியாவைத் தாக்குகிற வைரஸ், பெயர் பாக்டீரியோஃபேஜ், அதிலும் டி4 என்ற வகை. பார்க்க அழகாக இருக்கும், வரையவும் சுலபம், அதனால் எல்லாப் புத்தகத்திலும் அதுவே வந்து உட்கார்ந்துவிட்டது. வைரஸ் என்றாலே ஊசி போடுகிற ஒன்று என்று பட்டம் வாங்கியவர்களும் நினைத்துக்கொண்டிருப்பதற்கு அந்தப் படம்தான் காரணம் என்பது என் எண்ணம்.

பாக்டீரியாவுக்கு வெளியே கெட்டியான சுவர் உண்டு. ஃபேஜ் அதன் மேல் காலை ஊன்றி, வாலைச் சுருக்கி, உள்ளே இருக்கும் குழாயைச் சுவருக்குள் இறக்கி, தன் டி.என்.ஏ.வை மட்டும் அனுப்பும். காலி ஓடு வெளியிலேயே நின்றுவிடும். 1952-ல் ஆல்ஃபிரட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் இந்த ஓட்டை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு முறை ஃபேஜின் புரதத்துக்குக் கதிரியக்க அடையாளம் வைத்தார்கள், இன்னொரு முறை அதன் டி.என்.ஏ.வுக்கு. பாக்டீரியாவோடு கலந்து கொஞ்ச நேரம் விட்டு, சமையலறை மிக்சி போன்ற ஒன்றில் போட்டுச் சுற்றினார்கள். ஒட்டியிருந்த ஓடுகளோடு புரதம் பெரும்பாலும் உதிர்ந்து வெளியே வந்தது, டி.என்.ஏ. பாக்டீரியாவுக்குள்ளேயே இருந்தது. பரம்பரைச் செய்தி டி.என்.ஏ.வில்தான் இருக்கிறது என்பதற்கு அது பெரிய சான்றானது. ஹெர்ஷிக்கு 1969-ல் நோபல் பரிசு வந்தது, சேஸின் பெயர் அதில் இல்லை. இதைச் சொல்லாமல் நான் எந்த வகுப்பிலும் அந்தப் பாடத்தைத் தாண்டியதில்லை.

சரி, நம் உடம்புக்கு வருவோம். நம் செல்லுக்கு அப்படிச் சுவர் கிடையாது, கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வு மட்டும்தான். அந்தச் சவ்வு ஒரு நிமிடம்கூட சும்மா இருப்பதில்லை. இரும்புச் சத்து வேண்டும், கொலஸ்ட்ரால் வேண்டும், பக்கத்துச் செல் அனுப்பும் சேதி வேண்டும், எல்லாவற்றையும் வெளியிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எடுக்கும் விதம் இப்படி: சவ்வின் ஒரு இடம் குழியும், அடியில் கிளாத்ரின் என்ற மூன்று கால் புரதங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கூடை முடைவது போல அந்தக் குழியைத் தாங்கும், குழி ஆழமாகி வாய் மூடி ஒரு சின்னப் பையாகச் செல்லுக்குள் கழன்று விழும். வெளியே இருந்த சரக்கு இப்போது பைக்குள். நாள் முழுக்க நடக்கிற கொள்முதல் வேலை இது.

நீ கேட்ட காய்ச்சலைத் தரும் இன்ஃப்ளூயன்சா வைரஸ் இந்த வேலைக்குள்தான் நுழைகிறது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 100 நானோமீட்டர், அதாவது நம் தலைமுடியின் தடிமனுக்குக் குறுக்கே எண்ணூறு வைரஸ்களை வரிசையாக வைக்கலாம். மேலே நூற்றுக்கணக்கான முட்கள், அவற்றில் பெரும்பாலானவை ஹீமக்ளூட்டினின் என்ற புரதம். நம் மூக்கு, தொண்டைச் செல்களின் மேல் நிறைய சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றின் நுனியில் சியாலிக் அமிலம் இருக்கும். முள் அந்த நுனியைப் பிடிக்கிறது. ஒரு முள்ளின் பிடி ரொம்பத் தளர்வானது. வயலில் நடந்துவிட்டு வந்தால் ஒட்டுப்புல் வேட்டியில் ஒட்டுமே, ஒன்றை விரலால் தட்டினால் விழுந்துவிடும், ஆனால் நூறு ஒட்டினால் உட்கார்ந்து பிடுங்க வேண்டும், அது மாதிரி பல முட்கள் சேர்ந்து பிடித்ததும் வைரஸ் செல்லோடு இறுகிவிடுகிறது. ஏதோ சரக்கு வந்திருக்கிறது என்று செல் குழிந்து, பை கட்டி, உள்ளே இழுத்துக்கொள்கிறது.

எனக்கு இந்தப் பாடத்திலேயே ரொம்பப் பிடித்த கட்டம் இனிமேல்தான். உள்ளே வந்த எந்தப் பையையும் செல் புளிக்க வைக்கும், அது அதன் செரிமான முறை. மோரை விடக் கொஞ்சம் குறைவான புளிப்பு வரை போகும். வைரஸ் அந்தப் புளிப்புக்காகத்தான் காத்திருக்கிறது. நாண் ஏற்றி வைத்த எலிப்பொறி மாதிரி மடங்கிக் கிடந்த ஹீமக்ளூட்டினின் புளிப்புப் பட்டதும் விரிகிறது, உள்ளே மறைந்திருந்த ஒரு நுனி பாய்ந்து பையின் சவ்வில் குத்துகிறது, பின்பு முள் மறுபடி மடங்கி வைரஸின் உறையையும் பையின் சவ்வையும் ஒன்றோடொன்று நெருக்கி இழுக்கிறது. இரண்டும் கொழுப்புப் படலம், சாம்பாரில் மிதக்கும் இரண்டு எண்ணெய்த் துளிகள் தொட்டதும் ஒன்றாகிவிடுவது போல இவையும் கலந்துவிடுகின்றன. திறந்த அந்த வழியாக வைரஸின் எட்டு ஆர்.என்.ஏ. துண்டுகள் செல்லுக்குள் இறங்கி, உட்கருவுக்குப் போய், அங்கே இருக்கும் நம் சொந்தச் செய்திகளின் (எந்தப் புரதம் செய்ய வேண்டும் என்று சொல்லும் ஆர்.என்.ஏ. இழைகள்) தலைப்பகுதியை வெட்டி எடுத்துத் தங்கள் செய்திக்கு ஒட்ட வைத்துக்கொள்கின்றன. தலைப்பைப் பார்த்துப் புரதம் செய்யும் செல், இதுவும் நம் செய்திதான் என்று வைரஸ் புரதத்தைச் செய்ய ஆரம்பிக்கிறது. ஆறு, எட்டு மணி நேரத்தில் புது வைரஸ்கள் வெளியே வர ஆரம்பித்துவிடும்.

ஆக, செரிக்க வைத்த புளிப்பே பூட்டைத் திறக்கிறது. பரீட்சையில் கேட்டால் ஃபேஜ் படத்தை வரைந்துவிடு, மதிப்பெண் கிடைக்கும். ஆனால் கீழே 'இது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்' என்று எழுத மறக்காதே.

கேள்வி: மஞ்சள் காமாலை வைரஸ் ஈரலுக்கு மட்டும், போலியோ நரம்புக்கு மட்டும் என்று எப்படிச் சரியாகப் போகிறது? வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தபோது எங்கள் வீட்டு ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது ஏன்?
(குடும்பத் தலைவி, புதுக்கோட்டை)

பதில்: அது தேடிப் போவதில்லைங்க. ரத்தத்திலும் சளியிலும் மிதந்து எல்லா இடத்துக்கும் போய் எல்லாவற்றின் மேலும் மோதுகிறது, பிடி கிடைத்த இடத்தில் மட்டும் நிற்கிறது. செல்லின் மேல் இருக்கும் அந்தப் பிடிக்கு ஏற்பி என்று பெயர். எந்த ஏற்பியும் வைரஸுக்காக இருப்பதில்லை, ஒவ்வொன்றுக்கும் நம் உடம்பில் வேறு வேலை இருக்கிறது.

மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். அது எதைப் பிடித்து ஈரலுக்குள் போகிறது என்று பல வருடங்கள் பலர் தேடினார்கள். 2012-ல் பெய்ஜிங்கில் இருந்த ஒரு ஆய்வுக் குழு கண்டுபிடித்தது, பித்த உப்பைத் திரும்ப ஈரலுக்குள் எடுத்துக்கொள்ளும் ஒரு வாசல் அது. பித்தத்தைக் கையாளும் அந்த வாசல் ஈரல் செல்லில்தான் நிறைய இருக்கும், எனவே வைரஸும் ஈரலோடு நின்றுவிடுகிறது. வாசல் தெரிந்ததும் அதை அடைக்கும் மருந்தும் வந்தது, 2020-ல் ஐரோப்பாவில் அனுமதித்தார்கள், ஹெபடைடிஸ் பி-யோடு ஒட்டிக்கொண்டு வரும் டி வகைக்குத் தருகிறார்கள்.

உங்கள் ஆட்டுக் கேள்விக்குப் போலியோதான் நல்ல பதில். போலியோ வைரஸ் பிடிக்கும் ஏற்பி மனிதரிடமும் சில குரங்குகளிடமும் அதற்குப் பொருந்தும் உருவத்தில் இருக்கிறது. எலிக்கு அந்த உருவம் இல்லை, எனவே சாதாரணமாக எலிக்குப் போலியோ வராது. 1990 வாக்கில் மனித ஏற்பியின் மரபணுவை எலிக்கு வைத்துப் பார்த்தார்கள். அந்த எலிகளுக்குக் கால் விளங்காமல் போனது. ஒரே ஒரு பிடி, அது இருந்தால் நோய், இல்லாவிட்டால் இல்லை. மனிதரைத் தவிர வேறு இடத்தில் அந்த வைரஸ் ஒளிந்து வாழ முடியாது என்பதால்தான் போலியோவை ஊர் ஊராக ஒழிக்க முடிந்தது, இந்தியாவில் 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கையான போலியோ வைரஸால் ஒரு குழந்தைகூடப் பாதிக்கப்படவில்லை.

பறவைக் காய்ச்சல் மனிதரிடையே எளிதில் பரவாததற்கும் பெரிய காரணம் இதுதான். நான் மேலே சொன்ன சியாலிக் அமிலம் சர்க்கரைச் சங்கிலியில் இரண்டு விதமாக இணைந்திருக்கும். பறவைகளின் குடலில் ஒரு விதம், நம் மூக்கு தொண்டையில் பெரும்பாலும் இன்னொரு விதம். பறவைக்கு ஏற்ற விதம் நமக்கு நுரையீரலின் அடி ஆழத்தில் இருக்கிறது. அதனால் கோழிப் பண்ணையில் நிறைய வைரஸை மூச்சில் இழுத்தவருக்கு அது கடுமையான நிமோனியாவாக வரலாம், ஆனால் அவர் தும்மிப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுப்பது கடினம். வைரஸ் கொஞ்சம் மாறித் தொண்டையைப் பிடிக்கக் கற்றுக்கொண்டால் நிலைமை வேறு. உலகம் முழுக்க அதைக் கண்காணிப்பது அதற்காகத்தான்.

இருந்தாலும் ஏற்பி மட்டுமே எல்லாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாசலைத் தாண்டியும் உள்ளே இருக்கும் இயந்திரம் ஒத்துவராமல் வைரஸ் நின்றுபோவது உண்டு.

கேள்வி: சளிக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கொடுங்கள் என்று கேட்டால் டாக்டர் தர மறுக்கிறார். ஏன்?
(ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், ஈரோடு)

பதில்: உங்கள் டாக்டரை விட்டுவிடாதீர்கள், நல்லவர். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவின் சுவரையோ அதன் புரதத் தொழிற்சாலையையோ உடைக்கிறது. வைரஸிடம் இரண்டும் கிடையாது, அது நம் செல்லின் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறது. உடைக்க அங்கே எதுவும் இல்லை. வேண்டாதபோது சாப்பிட்டால் உங்கள் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்த மருந்துக்குப் பழகும், நாளை உண்மையாகவே தேவைப்படும்போது மருந்து கேட்காது.

கேள்வி: 2020-ல் எங்கள் கடையில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரைக்கு வரிசை நின்றது. சோதனைக் கூடத்தில் கொரோனாவைத் தடுக்கிறது என்றார்கள், அப்புறம் பயனே இல்லை என்றார்கள். எது பொய்?
(மருந்துக் கடை நடத்துபவர், திருவண்ணாமலை)

பதில்: இரண்டுமே உண்மை. அந்த வருடம் என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இது, சரியாக விளக்கினால் வைரஸ் நுழைவு முழுவதும் இதிலேயே புரிந்துவிடும்.

கொரோனா வைரஸின் முள் நம் செல்லில் ஏஸ்-2 என்ற ஏற்பியைப் பிடிக்கிறது, ரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் வேலையில் இருக்கிற புரதம் அது. பிடித்தால் மட்டும் போதாது, முள்ளை ஒரு இடத்தில் கத்தரிக்க வேண்டும், அப்போதுதான் அதன் பொறி விரியும். கத்தரிப்பதற்கு இரண்டு வழி உண்டு. செல்லின் வெளிப்பக்கத்திலேயே ஒரு கத்தரி நொதி இருந்தால் அங்கேயே கத்தரித்து, சவ்வோடு கலந்து, நேரே உள்ளே போகலாம். அந்த நொதி இல்லாத செல்லில் காய்ச்சல் வைரஸ் மாதிரி பைக்குள் போய், பை புளித்த பிறகு அங்கே இருக்கும் வேறொரு நொதியால் கத்தரிபட வேண்டும்.

குளோரோகுயின் குடும்ப மருந்து என்ன செய்கிறது? பைக்குள் போய்ச் சேர்ந்து அதைப் புளிக்க விடாமல் தடுக்கிறது. முதலில் சோதனை செய்த ஆய்வகங்கள் வீரோ என்ற செல்களைப் பயன்படுத்தின. ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962-ல் ஜப்பானில் எடுத்து, அன்றிலிருந்து உலகமெங்கும் வளர்த்துவரும் செல்கள் அவை. வைரஸ் வளர்க்க அருமையானவை. ஆனால் அவற்றின் வெளிப்பக்கத்தில் அந்தக் கத்தரி நொதி இல்லாத மாதிரிதான், வைரஸுக்குப் புளிப்புப் பை ஒன்றுதான் வழி. அந்த வழியை மருந்து அடைத்தது, வைரஸ் நின்றுபோனது, எல்லோரும் நம்பினார்கள். 2020-லேயே மனித நுரையீரல் செல்களில் அதே மருந்தை வைத்துப் பார்த்தார்கள். அங்கே வெளிக் கத்தரி தாராளமாக இருக்கிறது, வைரஸ் பைப் பக்கமே போகத் தேவைப்படவில்லை. கொல்லைக் கதவை நாம் பூட்டிக்கொண்டிருந்தோம், அது வாசல் வழியாக வந்தது.

அப்புறம் நோயாளிகளிடம் பார்த்தார்கள். பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வில் 1,561 பேருக்கு மருந்து கொடுத்தார்கள், 3,155 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 28 நாளில் மருந்து எடுத்தவர்களில் 27 சதவீதம் பேரும், எடுக்காதவர்களில் 25 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். மருந்தால் ஒருவரும் கூடுதலாகப் பிழைக்கவில்லை. நம் நாட்டில் அதற்கு முன்பே, 2020 மார்ச்சில், மருத்துவப் பணியாளர்களுக்கு முன்தடுப்பாக அந்த மாத்திரையைப் பரிந்துரைத்திருந்தார்கள். அவசரத்தில் எடுத்த முடிவு, அன்றைக்குக் கையில் இருந்த சான்று அவ்வளவுதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடையில் எல்லோரும் வாங்கிக் குவித்ததில், அந்த மாத்திரையை வருடக்கணக்காக நம்பியிருந்த லூபஸ், முடக்குவாத நோயாளிகள் கிடைக்காமல் அலைந்தார்களே, அது இன்றும் எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. உங்கள் கடைக்கும் அவர்கள் வந்திருப்பார்கள்.

கேள்வி: எச்.ஐ.வி. ஒருவருக்கு முழுதாகக் குணமானது என்று படித்தேன். உண்மையென்றால் ஏன் எல்லோருக்கும் அதைச் செய்யவில்லை?
(கல்லூரி மாணவர், சென்னை)

பதில்: உண்மைதான், ஒருவருக்கு மட்டுமில்லை, அதற்குப் பின் சிலருக்கும் நடந்திருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரிந்தது 1986-ல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் தலைமையில், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது.

அந்த வைரஸுக்கு ஒரு பிடி போதாது. முதலில் நம் வெள்ளை ரத்தச் செல்களின் மேல் இருக்கும் சிடி-4 என்ற புரதத்தைப் பிடிக்கும், அது பிடித்ததும் முள் கொஞ்சம் உருமாறி இரண்டாவது பிடியைத் தேடும், பெரும்பாலும் சிசிஆர்-5 என்ற புரதம். இரண்டும் கிடைத்தால்தான் உள்ளே போகலாம். பலமுறை ஆபத்துக்கு ஆளாகியும் தொற்றாமல் இருந்த சிலரை ஆராய்ந்தபோது, அவர்களுக்குச் சிசிஆர்-5 மரபணுவில் 32 எழுத்துகள் இல்லை என்று 1996-ல் தெரிந்தது. பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்தக் குறை வந்தால் செல்லின் மேல் இரண்டாவது பிடி இருக்காது. வட ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு ஒருவர் அளவில் அப்படி இருக்கிறார்கள், நம்மிடையே மிக அரிது.

பெர்லினில் வாழ்ந்த அமெரிக்கர் டிமோத்தி ரே பிரவுனுக்கு எச்.ஐ.வி.யோடு ரத்தப் புற்றுநோயும் வந்தது. 2007-ல் அவருக்கு ரத்த மூலச்செல் (ரத்தச் செல்களை உண்டாக்கும் செல்) மாற்றியபோது, அவருடைய மருத்துவர் வேண்டுமென்றே அந்தக் குறை உள்ள கொடையாளரைத் தேடிப் பிடித்தார். புது ரத்தச் செல்களில் பிடி இல்லை, வைரஸ் திரும்பி வரவே இல்லை. 2020-ல் அவர் இறந்தது புற்றுநோய் திரும்பியதால், எச்.ஐ.வி.யால் அல்ல. ஆனால் அந்தச் சிகிச்சையிலேயே உயிர் போகும் வாய்ப்பு அதிகம். இன்று தினம் ஒரு மாத்திரையில் முழு ஆயுள் வாழ முடிகிறபோது, புற்றுநோய் இல்லாத ஒருவரை அந்த ஆபத்துக்குள் தள்ளுவது நியாயமில்லை.

கேள்வி: அம்மா, மலை வாழையில் முடிக்கொத்து வருகிறது. எத்தனை மருந்து அடித்தும் தேறவில்லை. வைரஸ் என்கிறார்கள். மனிதருக்கு நுழைவது மாதிரியே மரத்துக்கும் நுழையுமா?
(விவசாயி, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: செடியின் கதை முற்றிலும் வேறு ஐயா. செடிச் செல்லைச் சுற்றிக் கெட்டியான சுவர் இருக்கிறது. வைரஸால் அதைப் பிடித்துக்கொண்டு நுழைய முடியாது, யாராவது ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். வாழையில் அந்த வேலையைச் செய்வது அசுவினி. இலையடியில் கூட்டமாக இருந்து, ஊசி மாதிரியான வாயைச் சாறு ஓடும் குழாய்வரை இறக்கி உறிஞ்சும்போது, போன மரத்தில் எடுத்த வைரஸை இங்கே விட்டுவிடுகிறது. வெண்டையில் மஞ்சள் நரம்பு தேமலுக்கு வெள்ளை ஈ இதே வேலையைச் செய்கிறது. ஒரு செல்லுக்குள் போய்விட்டால் அப்புறம் சுலபம், செடியின் செல்களுக்கு இடையில் இயல்பாகவே நுண்ணிய துளைகள் உண்டு, அதன் வழியே பக்கத்துச் செல்லுக்கும், சாற்றோடு மரம் முழுக்கவும் போய்விடும். கிழங்கிலும் இருக்கும். நோய் வந்த மரத்தின் கன்றைப் பிரித்து நட்டால் நோயையும் சேர்த்து நடுகிறீர்கள்.

அதனால் நோய் வந்த மரத்துக்கு அடிக்கிற எந்த மருந்தும் அதைக் குணப்படுத்தாது, அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். முதலில் அந்த மரத்தில் இருக்கும் அசுவினியை ஒழித்துவிட்டு, அதற்குப் பிறகு கிழங்கோடு தோண்டி அழியுங்கள். அசுவினி உயிரோடு இருக்கும்போது வெட்டிச் சாய்த்தால் அது இறங்கி அடுத்த மரத்துக்குப் போகும். இலைக் காம்பில் கரும்பச்சைப் புள்ளியும் கோடுமாகத் தெரிந்தாலே சந்தேகப்படுங்கள், உச்சியில் இலைகள் கொத்தாகும்வரை காத்திருக்க வேண்டாம். கன்று வாங்கும்போது வைரஸ் சோதனை செய்த திசு வளர்ப்புக் கன்றாகக் கேட்டு வாங்குங்கள், திருச்சியில் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் விசாரியுங்கள். சிறுமலை, விருப்பாட்சி வாழையை இந்த ஒரு நோய் எந்த அளவுக்கு அழித்தது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கேள்வி: டெங்கு ஒருமுறை வந்தால் எதிர்ப்புச் சக்தி வரும்தானே? இரண்டாவது முறைதான் ஆபத்து என்று ஏன் சொல்கிறார்கள்?
(ஆசிரியர், மதுரை)

பதில்: டெங்குவில் நான்கு வகை உண்டு. வந்த வகைக்கு எதிர்ப்பு வரும், நீண்ட காலம் நிற்கும். அடுத்த முறை வேறு வகை வந்தால், பழைய எதிர்ப்புப் புரதங்கள் அதை அரைகுறையாகப் பிடிக்கும், முடக்காது. நம் ரத்தத்தில் சில வெள்ளைச் செல்களுக்கு, எதிர்ப்புப் புரதம் ஒட்டியிருக்கும் எதையும் பிடித்து விழுங்குவதுதான் வேலை. அவை இந்த வைரஸையும் விழுங்குகின்றன, ஆனால் டெங்கு வளர்வது அதே செல்களுக்குள்தான். காவலரே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போன மாதிரி ஆகிவிடுகிறது. பிலிப்பைன்ஸில் 2016-ல் தொடங்கி 8 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளுக்கு ஒரு டெங்கு தடுப்பூசி போட்டார்கள். முன்பு டெங்குவே வராத குழந்தைகளுக்கு அந்த ஊசி முதல் தொற்றைப் போல வேலை செய்து பின்னால் நோயைக் கடுமையாக்கலாம் என்று தெரிந்ததும் 2017 கடைசியில் நிறுத்தினார்கள்.

இரண்டாவது முறை வந்த எல்லோருக்கும் ஆபத்து என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். முன்பு வந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் இறங்குகிற நாளில்தான் கூடுதல் கவனம் தேவை: வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், மயக்கம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் கூடாது.

கேள்வி: மேடம், ஏழு வயது மகன் கணுக்காலில் தெருநாய்க்குட்டி கடித்துவிட்டது. இரண்டு பல் பட்டுக் கொஞ்சம் ரத்தம் வந்தது. வீட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்தார்கள். குட்டிதானே, ஊசி வேண்டாம் என்கிறார்கள். ஐந்து நாள் ஆகிறது, பையன் ஓடியாடி விளையாடுகிறான். இனி ஊசி போட்டுப் பயன் உண்டா?
(ஒரு தாய், அரியலூர் மாவட்டம்)

பதில்: இதுதான் நான் சொன்ன கடிதம். இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள் என்று அன்றே அனுப்பினேன். போய்விட்டதாக அவரிடமிருந்து பதிலும் வந்தது. ஏன் அவ்வளவு அவசரம் என்பதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

வெறிநோய் வைரஸ் துப்பாக்கித் தோட்டா வடிவத்தில் இருக்கும். நாயின் எச்சிலோடு தசைக்குள் இறங்குகிறது. நரம்பு வந்து தசையைத் தொடும் இடத்தில், 'சுருங்கு' என்ற ஆணையைத் தசை வாங்கிக்கொள்ளும் ஒரு ஏற்பி இருக்கிறது, வைரஸ் பிடிக்கும் இடங்களில் அது ஒன்று. கட்டுவிரியன் இனப் பாம்பு ஒன்றின் நஞ்சு பிடிப்பதும் அதே ஏற்பியைத்தான், வைரஸ் முள்ளின் ஒரு பகுதி அந்த நஞ்சைப் போலவே இருக்கிறது. அங்கிருந்து நரம்பின் நுனிக்குள் பை வழியாகப் போய்விட்டால், நரம்புக்குள் நுனியிலிருந்து உடல் நோக்கிச் சரக்கு இழுக்கும் புரதங்கள் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஒரு நாளைக்கு சில சென்டிமீட்டர். கணுக்காலிலிருந்து முதுகுத்தண்டு, அங்கிருந்து மூளை. இந்தப் பயணத்தில் வலி, காய்ச்சல் எதுவும் இருக்காது. மூளையை அடைந்து அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக ஒருவரும் பிழைப்பதில்லை.

ஆனால் நரம்புக்குள் போவதற்கு முன் அது தசையில் தங்கியிருக்கும், சில நாளோ சில வாரமோ. அறிகுறி வருவதற்கு வழக்கமாக ஒன்று முதல் மூன்று மாதம் ஆவது அதனால்தான். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைத்த வரம். தடுப்பூசியால் உடம்பு எதிர்ப்புப் புரதம் செய்ய ஒரு வாரம், பத்து நாள் ஆகும், அதுவரை காவலுக்கு இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் புரதத்தைக் காயத்துக்குள்ளேயே ஊசியால் செலுத்துவார்கள். வைரஸின் முள்ளை எதிர்ப்புப் புரதம் மூடிவிட்டால் அதற்குப் பிடி கிடைக்காது. நரம்புக்குள் போய்விட்டால் அந்தப் புரதம் எட்டாது. எனவே ஐந்து நாள் ஆனாலும் சரி, ஐம்பது நாள் ஆனாலும் சரி, அறிகுறி வராதவரை ஊசி தொடங்கலாம், தொடங்க வேண்டும். பையன் விளையாடுகிறான் என்பது எந்த ஆறுதலும் இல்லை. குட்டி நாய்க்கும் வெறிநோய் வரும்.

கடித்த உடனே செய்ய வேண்டியது குழாயைத் திறந்து சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது. இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு, சோப்பு அதைக் கரைக்கும், ஓடும் தண்ணீர் மிச்சத்தை அடித்துக்கொண்டு போகும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம், புண்ணை எரித்துக் கிளறினால் வைரஸ் நரம்பு நுனிகளுக்கு இன்னும் நெருக்கமாகத்தான் போகும். நாயைப் பத்து நாள் கவனிக்க முடிந்தால் நல்லது, ஆனால் கவனித்துவிட்டு ஊசி போடலாம் என்று இருக்காதீர்கள், ஊசியைத் தொடங்கிவிட்டுக் கவனியுங்கள்.

அரியலூர் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அட்டையில் முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று எழுதியிருக்கும். முதல் மூன்று ஊசிக்கும் ஞாபகமாகப் போய்விடுவீர்கள், இடையில் மூன்று வாரம் இருப்பதால் நான்காவதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தேதியைச் சுவர்க் காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு வையுங்கள்.